"தம்பிக்கு ஃபிட்ஸ் வந்தப்ப நான் எதுவுமே பண்ணல டாக்டர்"

பன்னெண்டாவது படிக்கிற ஒரு பொண்ணு எழுதின லெட்டர் இது. பேர் ஊர் போட வேண்டாம்னு கேட்டிருக்கா, போடல. நாலு பக்கம், சுருக்கி சொல்றேன்.

அம்மாவுக்கு மில்லுல நைட் ஷிஃப்ட், அப்பா லாரில லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருக்காரு, வீட்ல இவளும் ரெண்டாங்கிளாஸ் படிக்கிற ஏழு வயசு தம்பியும்தான். விடியக்காலை அஞ்சு மணி இருக்கும், கொர்கொர்னு ஏதோ சத்தம் கேட்டு முழிச்சிருக்கா. தம்பி வாய் ஒரு பக்கமா கோணி, எச்சி வழிஞ்சு, இவளையே பாத்துட்டு இருந்திருக்கான், பேச வரல. கொஞ்ச நேரத்துல கண்ணு மேல சொருகி கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சிருக்கு. இவ அலறிட்டு பக்கத்து வீட்டு பாட்டிய கூப்பிட ஓடிட்டா. பாட்டி வந்து கையில சாவிக்கொத்த திணிச்சு, பல்லுக்கு நடுவுல ஸ்பூன் வச்சு, வாயில தண்ணி ஊத்தி, அதுக்குள்ள இழுப்பு நின்னுடுச்சு, ஒரு பல்லும் விழுந்துடுச்சு. இப்ப ஆஸ்பத்திரில பாத்து லெவெட்டிராசிட்டாம்னு வலிப்பு மருந்து சிரப் ஆரம்பிச்சிருக்காங்க, இஇஜி (மூளையோட கரண்ட பதிவு பண்ற டெஸ்ட்) எடுக்க சொல்லியிருக்காங்க, இன்னும் எடுக்கல. "பாட்டியாவது ஏதோ பண்ணாங்க, நான் மரம் மாதிரி நின்னேன். அவன் என்னையே பாத்தான் டாக்டர். இப்ப ராத்திரி பூரா அவன் மூச்சு விடறானான்னு பாத்துட்டே உக்காந்திருக்கேன். பப்ளிக் எக்ஸாம் வருது. அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுங்கறாங்க. தூக்கத்துலயே போயிடுவானா?" இதான் லெட்டர்.

சரிம்மா, ஒவ்வொண்ணா பேசலாம், ஆனா நீ கேட்ட வரிசைல இல்ல.

நீ எதுவும் பண்ணலன்னு எழுதியிருக்கியே அத முதல்ல எடுத்துக்கறேன். வந்துட்ட வலிப்ப வீட்ல கையால யாராலயும் நிறுத்த முடியாது, உன்னால மட்டும் இல்ல, நான் அந்த ரூம்ல இருந்திருந்தாலும் கையில மருந்து இல்லன்னா நிறுத்தியிருக்க மாட்டேன். அது பாட்டுக்கு வரும், பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல அது பாட்டுக்கு நிக்கும். சாவிக்கொத்து வேலை செஞ்ச மாதிரி தெரியுதுல்ல, அது ஏன்னா வலிப்பு ஆரம்பிச்சு, ஆள் பதறி, சாவிய தேடி எடுத்து கையில வைக்கறதுக்குள்ளயே ஒண்ணு ஒன்றரை நிமிஷம் ஓடிடும், அப்ப அது நிக்கிற நேரம் தானா வந்துடும், பேரு மட்டும் இரும்புக்கு போயிடும். வெங்காயத்த மோக்க வைக்கறது, செருப்ப மோக்க வைக்கறது எல்லாம் இதே கணக்குதான். எங்க ஓபில வாரத்துக்கு ஒரு தாத்தாவாவது "நான்தான் இரும்ப வச்சு நிறுத்தினேன்"னு நெஞ்ச நிமித்தி சொல்லுவாரு, நான் வாதாட மாட்டேன், இரும்பு கையில இருக்கறதால பெருசா கெடுதல் இல்ல, கைய பிடிச்சு அமுக்காம இருந்தா சரி.

ஆனா அந்த ஸ்பூன் விஷயத்துல நான் வாதாடுவேன். பாட்டி மேல கோவப்படாத, அந்த நேரத்துல ஓடி வந்தாங்கல்ல, அது பெரிசு. அவங்க காலத்துல நாக்க கடிச்சுக்குவான், நாக்க முழுங்கிடுவான்னு சொல்லித்தான் வளத்திருக்காங்க. நாக்க யாராலயும் முழுங்க முடியாதும்மா. ஓரத்துல கடி படலாம், ரத்தம் கொஞ்சம் வரும், சில நாள்ல ஆறிடும். ஏழு வயசு பையன் வாயில பாதி பல்லு ஆடிக்கிட்டு இருக்கும், பால் பல்லு விழற வயசு, அந்த வாயில ஸ்பூன நெம்பினா பல்லு பேந்து தொண்டைக்குள்ள, அங்கேருந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகலாம். விழுந்த பல்ல கண்டுபிடிச்சீங்களான்னு நீ எழுதல. தலகாணி பக்கத்துல கிடைச்சிருந்தா விஷயம் முடிஞ்சுது. கிடைக்கலன்னா, அவனுக்கு அன்னிலருந்து இருமல் விடாம இருக்குன்னாலோ, மூச்சு விடறப்ப வீஸ் வீஸ்னு சத்தம் வருதுன்னாலோ தள்ளிப்போடாம ஆஸ்பத்திரில சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து பாக்க சொல்லுங்க. தண்ணி ஊத்தறதும் அதே ஆபத்துதான், அந்த நேரத்துல அவனால முழுங்க முடியாது, ஊத்தறது நேரா நுரையீரலுக்கு போகும். முழுசா முழிச்சு, பேரு கேட்டா சொல்ற வரைக்கும் தண்ணி, டீ, மாத்திரை எதுவும் வாய்க்குள்ள போகக்கூடாது. ஸ்பூன், துணி, விரல் எதுவுமே போகக்கூடாது, உன் விரல்ல பலமா கடி படலாம்.

அப்ப அடுத்த தடவ வந்தா (வராம இருக்கட்டும், ஆனா தெரிஞ்சு வச்சுக்க) நீ செய்ய வேண்டியது ரொம்ப கொஞ்சம்தான். அவன கட்டில் ஓரத்துலருந்து, சுவத்துலருந்து தள்ளி ஒரு பக்கமா ஒருக்களிச்சு திருப்பி விடு, எச்சியும் நுரையும் வாந்தியும் கன்னத்து வழியா வெளிய வழியற மாதிரி வாய் தரைய பாத்து கொஞ்சம் சாஞ்சிருக்கணும். தலைக்கு அடில ஒரு மடிச்ச துணி, இல்லன்னா உன் கையே போதும். கழுத்துல தாயத்து, கயிறு, டை எது இருந்தாலும் தளர்த்து. உடனே மணிய பாரு. இத நான் எல்லார்கிட்டயும் ரெண்டு தடவ சொல்லுவேன், மணிய பாரு. பக்கத்துல நிக்கறவங்களுக்கு ஒரு நிமிஷ வலிப்பு பத்து நிமிஷமா தெரியும், அது பயத்தோட கணக்கு, அத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஃபோன்ல டைமர போட்டு விட்டுடு. கைய கால அமுக்கி பிடிக்காத, பிடிச்சா நிக்காது, தோள்பட்டை விலகலாம். ஆள கூப்பிடணும்னா கூப்பிடு, ஆனா திருப்பி படுக்க வச்சதுக்கப்புறம், அவன் பக்கத்துலருந்தே கத்து. அன்னிக்கு நீ ஓடினது தப்புன்னு சொல்லல, யாரும் உனக்கு சொல்லித்தரலயே, எந்த பள்ளிக்கூடத்துல இத சொல்லித்தராங்க சொல்லு.

இழுக்கறப்ப உதடு நீலமா போகும், மூச்சே இல்லாத மாதிரி இருக்கும், பாக்கறதுக்கு அதவிட கொடுமை வேற இல்ல. நெஞ்சு தசை எல்லாம் இறுகி இருக்கறதால அப்படி, இழுப்பு விடறப்ப ஒரு பெரிய மூச்சு இழுத்து கொறட்டை மாதிரி விட ஆரம்பிப்பான், நிறமும் திரும்பும். அதுக்கப்புறம் அசந்து தூங்குவான், எழுப்பினா குழம்புவான், அது சாதாரணம்தான், தூங்கட்டும், ஒருக்களிச்சே தூங்கட்டும், பக்கத்துல இரு. இழுப்பு நின்னும் மூச்சு திரும்பலன்னா அது வேற, உடனே 108, ஃபோன்ல அவங்க சொல்றபடி நெஞ்ச அமுக்க ஆரம்பிக்கணும்.

108 எப்ப அடிக்கணும்னா, அஞ்சு நிமிஷம் ஆகியும் நிக்கலன்னா, ஒண்ணு நின்னு முழிப்பு வராமலேயே அடுத்தது வந்தா, தலைல பலமா அடிபட்டா, தண்ணிக்குள்ள இருக்கறப்ப வந்தா. அஞ்சு நிமிஷம்னு சும்மா சொல்லல, அதுவரைக்கும் பெரும்பாலும் தானா நின்னுடும், அதுக்கு மேல போறது தானா நிக்கற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும், மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். அதுக்கு வீட்லயே வச்சுக்கற மாதிரி மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே இருக்கு, மிடாசோலம்னு பேரு, டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக்கூடாது, பையனோட எடைய பாத்து எத்தனை தடவ அடிக்கணும், எந்த மூக்குல எத்தனைன்னு எழுதித் தரணும். எத்தனையாவது நிமிஷத்துல அடிக்கணும்னும் கேட்டு எழுதி வாங்குங்க, அடிச்சதுக்கப்புறம் மூச்ச கவனிச்சுக்கிட்டே இருக்கணும், நிக்கலன்னா ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி கொஞ்சம் தூரம்னு எழுதியிருக்க, அதனால அடுத்த ரெவ்யூல இத கண்டிப்பா கேளுங்க. வீட்ல இருக்கற எல்லாருக்கும், பாட்டிக்கும் சேத்து, எப்படி அடிக்கறதுன்னு அங்கயே காட்டச் சொல்லுங்க. எக்ஸ்பைரி டேட்ட பாத்து வாங்குங்க, எத்தனையோ வீட்ல ஸ்ப்ரே பீரோக்குள்ள ரெண்டு வருஷம் பழசா கிடக்கும்.

இப்ப நீ தண்டனை மாதிரி சுமக்கற அந்த விஷயத்துக்கு வரேன். "அவன் என்னையே பாத்தான், பேச வரல." நீ இத குற்ற உணர்ச்சில எழுதியிருக்க, நான் இத படிச்சுட்டு நிமிந்து உக்காந்துட்டேன். ஏன்னா உன் லெட்டர்லயே முக்கியமான வரி அதான். ஆஸ்பத்திரில அம்மா "கை கால் இழுத்துச்சு"ன்னு மட்டும்தான் சொன்னாங்கன்னு நீயே எழுதியிருக்க, அவங்க ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவங்க, பாக்கல, அவங்களுக்கு எப்படி தெரியும். ஆரம்பத்துல ஒரு பக்க வாய் கோணினது, எச்சி வழிஞ்சது, கொர்கொர் சத்தம், நினைவு இருந்தும் பேச முடியாம இருந்தது, அதுக்கப்புறம்தான் உடம்பு முழுக்க பரவினது, அதுவும் தூக்கத்துலருந்து எழுந்திருக்கற விடியக்காலைல, இத்தனையும் அங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா டாக்டர் யோசிக்கற திசையே மாறலாம். இன்னொண்ணும் போற போக்குல எழுதியிருக்க, ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி இதே மாதிரி வாய் கோணி எச்சி ஒழுகினப்ப வயித்துல பூச்சி இருக்கும்னு பூச்சி மருந்து குடுத்தாங்கன்னு. அதையும் சொல்லணும், அப்ப இது முதல் தடவ இல்ல, ரெண்டாவதா இருக்கலாம்.

சின்ன பிள்ளைகளுக்கு வர வலிப்புல ஒரு வகை இருக்கு, ரொலாண்டிக் எபிலெப்ஸின்னு சொல்லுவோம். மூணு வயசுலருந்து பதிமூணு வயசுக்குள்ள ஆரம்பிக்கும், ஏழு எட்டு வயசுல அதிகமா பாப்போம், தூக்கத்துலதான் பெரும்பாலும் வரும், முகம், வாய், தொண்டைலருந்து ஆரம்பிக்கும், நீ எழுதின மாதிரியேதான். மூளைல முகத்தையும் நாக்கையும் ஆட்டி வைக்கற இடத்துக்கு பக்கத்துலருந்து கிளம்பறதாலதான் பேச்சு அடைக்குது. இதுல நல்ல சேதி என்னன்னா பதினாறு வயசுக்குள்ள ஏறக்குறைய எல்லா பிள்ளைகளுக்கும் இது தானா போயிடும், நிறைய பேருக்கு மொத்தமே பத்து தடவைக்கு குறைவாதான் வரும், சில பிள்ளைகளுக்கு நாங்க மருந்தே ஆரம்பிக்காம பாத்துட்டு இருக்கறதும் உண்டு. உன் தம்பிக்கு இதுதான்னு நான் லெட்டர பாத்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நம்ம ஊர்ல பிள்ளைகளுக்கு வலிப்பு வரதுக்கு வேற காரணங்களும் உண்டு, நாடாப்புழுவோட முட்டை சரியா கழுவாத காய்கறி, தண்ணி வழியா உள்ள போயி மூளைல சின்ன கட்டி மாதிரி உக்காந்துக்கும், சுத்த சைவம் சாப்பிடற வீட்லயும் வரும், அது ஸ்கேன்ல தெரியும். அதனால இஇஜிய தள்ளிப்போடாதீங்க, அதுவும் தூக்கத்துல எடுக்கற இஇஜி, முழிச்சிருக்கறப்ப எடுத்தா ஒண்ணும் தெரியாமலே போகலாம். முந்தின நாள் தலைக்கு குளிப்பாட்டி எண்ணெய் வைக்காம கூட்டிட்டு போங்க, தூக்கத்த எவ்வளவு குறைக்கணும்னு அங்க கேட்டுக்குங்க. வலிக்காது, ஷாக் வைக்கறது இல்ல, தலைல வயர் ஒட்டி மூளை போடற கோட்ட பதிவு பண்றது அவ்வளவுதான், பாட்டிகிட்டயும் சொல்லிடு.

சிரப் ஆரம்பிச்சதுலருந்து சிடுசிடுன்னு இருக்கான், பென்சில் பாக்ஸ தூக்கி அடிக்கறான்னு எழுதியிருக்க. லெவெட்டிராசிட்டாம் குடுக்கற பிள்ளைகள்ல கொஞ்ச பேருக்கு அப்படி ஆகும், அவன் கெட்ட பையனா மாறல. டாக்டர்கிட்ட சொன்னா அளவ மாத்துவாங்க, இல்ல மருந்த மாத்துவாங்க. ஆனா நீங்களா ஒரு வேளை கூட நிறுத்தக்கூடாது, திடீர்னு நிறுத்தினாதான் நிக்காத வலிப்பு வரும், நான் ஐசியூல பாத்த மோசமான கேஸ்ல பாதி இந்த "நல்லாதான இருக்கான், எதுக்கு மருந்து"ல ஆரம்பிச்சதுதான். ஊருக்கு போறப்ப மருந்து பாட்டில மறந்துட்டு போறது, திருவிழா, கல்யாணம்னு ராத்திரி பூரா முழிக்க விடறது, ரெண்டும் ஆகாது.

தூக்கத்துல போயிடுவானான்னு கேட்டிருக்க. பொய் சொல்லி சமாதானம் பண்ண விரும்பல, பதினேழு வயசு, உனக்கு உண்மைய தாங்கற வயசுதான். அப்படி நடக்கறது உண்டு, ஆனா ரொம்ப அபூர்வம், வலிப்பு நோய் இருக்கற 4,500 பிள்ளைகள்ல வருஷத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு, அதுலயும் உடம்பு முழுக்க இழுக்கற பெரிய வலிப்பு அடிக்கடி, கட்டுப்பாடே இல்லாம வர பிள்ளைகளுக்குதான் ஆபத்து அதிகம். அந்த ஆபத்த குறைக்கறதுக்கு நாங்க முதல்ல சொல்றது மருந்த வேளா வேளைக்கு குடுக்கறதத்தான், நீ முழிச்சு உக்காந்திருக்கறதால அது குறையாது. அவன் பக்கத்துல பாய் போட்டு படு, சத்தம் கேட்டா முழிச்சுக்குவ, அன்னிக்கும் அப்படித்தான முழிச்ச, அது போதும். ராத்திரி பூரா கண்ணு முழிச்சு காலைல எக்ஸாம் எழுதற வேலை வேண்டாம். இத நான் உங்க அம்மாவுக்கும் சேத்துதான் எழுதறேன், அவங்ககிட்ட காட்டு: அம்மா, உங்க நிலைமை புரியுது, ஷிஃப்ட மாத்த முடியாதுன்னும் தெரியுது, ஆனா அவ அக்கா, இன்னும் பதினெட்டே ஆகல, ராத்திரி காவல் முழுசும் அவ தலைல போடாதீங்க, கொஞ்ச நாளைக்காவது நைட் ஷிஃப்ட் அன்னிக்கு பாட்டியையோ சித்தியையோ வீட்ல வந்து படுக்க சொல்லுங்க.

யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னா பாட்டியும் வரக்கூடாது, டீச்சருக்கும் தெரியக்கூடாதுன்னு ஆகிடும். அப்ப கிளாஸ்ல வந்தா அங்கயும் ஒருத்தர் ஸ்பூன தேடுவாரு. ஊரு பூரா மைக் போட வேண்டாம், கிளாஸ் டீச்சர், ஹெச்எம், வேன் டிரைவர் அண்ணா, இவங்களுக்கு தெரியணும், ஒரு தாள்ல எழுதி குடுத்துடுங்க. நாளைக்கு இவனுக்கும் உனக்கும் கல்யாணம் ஆகாதுன்னு அம்மா அழறாங்கன்னு எழுதியிருக்க. ஒரு காலத்துல இந்து திருமண சட்டத்துலயே வலிப்பு நோய் இருக்கறவங்களுக்கு எதிரா ஒரு வரி இருந்துச்சு, மருத்துவர்கள் எல்லாம் போராடி அத 1999ல எடுத்தாச்சு. சட்டமே விட்டுடுச்சு, சொந்தக்காரங்கதான் இன்னும் விடல. என்கிட்ட சின்ன வயசுல வந்த பிள்ளைங்க இப்ப அவங்க பிள்ளைகளுக்கு தடுப்பூசி போட கூட்டிட்டு வராங்க. காத்து கருப்புன்னு மந்திரிக்கறது உங்க இஷ்டம், மருந்து நிக்காத வரைக்கும் எனக்கு சண்டை இல்ல.

அவன் என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாதுன்னா, ஓடலாம், விளையாடலாம், மத்த பிள்ளைங்க மாதிரிதான். தண்ணி விஷயத்துல மட்டும் நான் கறாரு: கிணறு, குளம், வாய்க்கால் பக்கம் தனியா விடக்கூடாது, பாத்ரூம்ல தாழ்ப்பாள் போடாம குளிக்கட்டும், தொட்டில இறங்காம சொம்புல மொண்டு ஊத்திக்கட்டும். மொட்டை மாடி கைப்பிடி சுவர், மரம் ஏறறது, அடுப்புக்கிட்ட நிக்கறது, இதெல்லாம் கொஞ்ச நாளைக்கு பாத்துக்குங்க. சைக்கிள் ரோட்ல வேண்டாம், டாக்டர் சொல்ற வரைக்கும். மத்தபடி "அவன ஓட விடாத, அழ விடாத, கேக்கறத எல்லாம் குடுத்துடு"ன்னு வளத்தா வலிப்பு போறதுக்கு முன்னாடி பையன் கெட்டுடுவான்.

அவனுக்கு என்ன ஆச்சுன்னு அவனே கேக்கறான், என்ன சொல்றதுன்னு தெரியலன்னு கடைசில கேட்டிருக்க. உண்மைய சொல்லு, சின்னதா. "உன் மூளைல கரண்ட் ஒரு நிமிஷம் கூடிப்போச்சுடா, அதான் வாய் கோணுச்சு, இப்ப மருந்து குடிக்கறல்ல, அது கரண்ட சரியா வச்சுக்கும்"னு சொன்னா ஏழு வயசுக்கு போதும். அன்னிக்கு என்ன தோணுச்சுன்னு அவன்கிட்டயும் கேளு, ஆரம்பம் அவனுக்கு ஞாபகம் இருக்கலாம், நாக்கு மரத்துச்சு, கன்னம் ஊசி குத்தற மாதிரி இருந்துச்சுன்னு ஏதாவது சொன்னா அப்படியே எழுதி வை, டாக்டருக்கு வேணும். கிரிக்கெட் பைத்தியம்னு சொன்னியே, தென்னாப்பிரிக்கா ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு நோய் உண்டு, வெளிப்படையாவே சொன்னவரு. 1992 வேர்ல்ட் கப்ல பந்தோட பறந்து ஸ்டம்ப சாச்சு இன்சமாம ரன் அவுட் பண்ணாருல்ல, அந்த வீடியோவ தம்பிக்கு போட்டுக் காட்டு.

அடுத்த ரெவ்யூக்கு அம்மாவோட நீயும் போ, ஒரு நாள் ஸ்கூலுக்கு லீவு போட்டா பரவால்ல. ஒரு நோட்டுல தேதி, மணி, எந்த பக்கம் வாய் கோணுச்சு (வலதா இடதான்னு லெட்டர்ல இல்ல), எவ்வளவு நேரம், முழிச்சதுக்கு அப்புறம் ஏதாவது ஒரு கை துவண்டு இருந்துச்சா, எத்தனை நிமிஷத்துல பேசினான், இதெல்லாம் எழுதிக்கிட்டு போ. இனி வந்தா, அவன ஒருக்களிச்சு படுக்க வச்சதுக்கப்புறம் பக்கத்துல இருக்கறவங்கள ஃபோன்ல வீடியோ எடுக்க சொல்லு, முகமும் கையும் தெரியணும். அத டாக்டருக்கு மட்டும் காட்டு, ஃபேமிலி குரூப்ல போட்டுடாதீங்க. உள்ள போனதும் அம்மா பேசறதுக்கு முன்னாடி "நான்தான் பாத்தேன், நான் சொல்றேன்"னு சொல்லு. இஇஜி ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் எழுது.